அம்மாவின் முட்டியும் உப்புத்தண்ணி ஊசியும்

எங்கள் வீடு சேத்துப்பட்டில் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. 34 படி. போன ஆடி வரைக்கும் அம்மா ஒரு நாளைக்கு நாலு தரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒருநாள் கூடையில் கயிறு கட்டி கீரைக்காரருக்கு இறக்கிவிட ஆரம்பித்தாள். நான் அதை ஏதோ புத்திசாலித்தனம் என்று நினைத்துச் சிரித்தேன். முட்டி வலி என்று அவளாக வாயைத் திறந்து சொல்ல தீபாவளி ஆகிவிட்டது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். "ரெண்டு எலும்புக்கும் நடுவுல கேப் குறைஞ்சிருக்கு பாருங்க. முட்டித் தேய்மானம், கிரேடு 3." அம்மா அதை வேறு யாருடைய முட்டியோ போலப் பார்த்தாள். "பி.ஆர்.பி. போட்டுடலாம். உங்க ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்தி, அதுல வர்ற பிளேட்லெட்டை முட்டிக்குள்ள ஏத்துவோம். வாரம் ஒண்ணா மூணு ஊசி. சொந்த ரத்தம்தானே, பயமே வேண்டாம். அப்பவும் கேக்கலேன்னா ஒரு சின்ன கேமரா விட்டு உள்ள கழுவிச் சுத்தம் பண்ணிடலாம்." மூன்று ஊசிக்கும் சேர்த்து 36,000 ரூபாய். வெளியே வரும்போது வழவழவென்று ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். 'பெரும்பாலான நோயாளிகள் குறிப்பிடத்தக்க நிவாரணம் பெற்றுள்ளனர்.'

நான் ராயப்பேட்டையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். பதினேழு வருஷமாக அதுதான் பிழைப்பு. இந்த மாதிரி வாக்கியத்தைக் கண்டால் கை தானாகவே பென்சிலைத் தேடும். பெரும்பாலான என்றால் எத்தனை பேரில் எத்தனை பேர்? குறிப்பிடத்தக்க என்று குறிப்பிட்டது யார்? ஆட்டோவிலேயே ஓரத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டேன். அம்மா, "அதையும் திருத்த ஆரம்பிச்சிட்டியாடி" என்றாள்.

இரண்டு ராத்திரி கூகுளில் வீணாகப் போயின. 'முட்டி வலிக்கு பி.ஆர்.பி. நல்லதா' என்று தட்டினால் வருவதெல்லாம் பி.ஆர்.பி. போடுகிறவர்களின் பக்கங்கள். யூடியூபில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் ஆளுக்கொரு திசையில் அடித்துப் பேசுகிறார்கள். சித்தப்பா குடும்ப வாட்ஸாப்பில் முடக்கத்தான் கீரையைப் பற்றி மூன்று ஃபார்வர்டு போட்டிருந்தார். எனக்கு முடக்கத்தான் தோசை பிடிக்கும், அது வேறு விஷயம்.

எங்கள் பதிப்பகத்துக்கு மருத்துவ நூல்கள் எழுதித் தரும் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மூன்றாம் நாள் அவருக்கு போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, நல்லதான்னு கேட்டா நல்லதுன்னுதான் வரும். எதோட ஒப்பிட்டா நல்லதுன்னு கேளு" என்றார். பிறகு கேள்வியை நாலாக உடைத்து எழுதச் சொன்னார். யாருக்கு, என்ன வைத்தியம், எதோடு ஒப்பிட்டு, எது மாற வேண்டும்.

நாலாவதுதான் கஷ்டமாக இருந்தது. அம்மாவிடம் போய், "உனக்கு எது சரியானா போதும்?" என்று கேட்டேன். வலி போக வேண்டும் என்பாள் என்று நினைத்தேன். "வலி கிடக்கட்டும். தரையில உக்காந்து எழுந்துக்கணும், மாடிப்படி ஏறணும்" என்றாள். டாக்டரும் இதைக் கேட்கவில்லை, நானும் அதுவரை கேட்கவில்லை.

தேடுவதற்கு அந்தப் பெரியவர் சொன்ன இடம் பப்மெட், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம். அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. காசு இல்லை, யார் வேண்டுமானாலும் தேடலாம். முழுக் கட்டுரைகள் பல பூட்டிக் கிடக்கும், ஆனால் சுருக்கம் எல்லாருக்கும் திறந்திருக்கும். இடது பக்கத்தில் வடிகட்ட வசதி உண்டு. அதில் இரண்டைத்தான் டிக் அடிக்கச் சொன்னார். ஒன்று, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகள். இன்னொன்று, அப்படிப்பட்ட சோதனைகள் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து எடை போட்ட தொகுப்பாய்வுகள். டிக் அடித்ததும் பட்டியல் பாதிக்கும் கீழே இறங்கியது. இட்லி மாவைச் சல்லடையில் ஊற்றினது மாதிரி என்று எழுதலாம் என்று பார்த்தேன், இட்லி மாவை யார் சலிக்கிறார்கள்!

அங்கேதான் அந்த ஆஸ்திரேலியச் சோதனை அகப்பட்டது. 2021இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. 50 வயது தாண்டிய 288 பேர். முட்டித் தேய்மானம் கிரேடு 2 அல்லது 3. அம்மாவின் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், கிரேடு 3. ஆக, 'யாருக்கு' என்ற முதல் கேள்வி ஒத்துப்போகிறது. பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., வாரம் ஒன்றாக மூன்று, நம் டாக்டர் சொன்ன அதே கணக்கு. மீதிப் பேருக்கும் மூன்று ஊசி, ஆனால் அதில் இருந்தது வெறும் உப்புத்தண்ணி. எது எந்த ஊசி என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்து வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளக்கிறார்கள். பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 குறைந்திருந்தது. உப்புத்தண்ணி போட்டவர்களுக்கு 1.8.

இந்த இரண்டு எண்ணையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் எண்ணை மட்டும் எடுத்துத் துண்டுப் பிரசுரத்தில் போட்டால் அது பொய் இல்லை. வலி நிஜமாகவே குறைந்திருக்கிறது. இரண்டாவது எண்ணைப் பக்கத்தில் வைக்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. முட்டி வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாத உச்சத்தில்தான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். அங்கிருந்து அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். அந்தச் சமயத்தில் போட்ட ஊசிக்கோ தின்ற கீரைக்கோ அந்தப் புண்ணியம் போய்ச் சேரும். ஊசி போட்டுக்கொண்டோம் என்கிற தெம்பு வேறு. எதிர் வீட்டு மாமி பி.ஆர்.பி. போட்டுக்கொண்டு நன்றாக நடக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பாவம், அவருக்கு உப்புத்தண்ணி போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பி.ஆர்.பி. நல்லது என்று சொல்லும் ஆய்வுகளும் வந்தன, இல்லையென்று மறைக்க மாட்டேன். அவற்றில் பல சின்னவை. பலவற்றில் ஒப்பிட்டது உப்புத்தண்ணியோடு அல்ல, ஹையலுரானிக் ஆசிட் என்ற இன்னொரு ஊசியோடு. இரண்டு ஊசிகளை ஓடவிட்டு ஒன்று முந்தியது என்றால், ஓடவே வேண்டுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஆஸ்திரேலியச் சோதனைக்குப் பணம் அந்நாட்டு அரசின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலிடமிருந்து வந்தது. எதை அளக்கப்போகிறோம் என்பதையும் முன்கூட்டியே பதிவேட்டில் எழுதிவைத்திருந்தார்கள். பந்தயம் முடிந்த பிறகு எல்லைக் கோட்டை நகர்த்தாமலிருக்க இது ஒரு காவல். நம் நாட்டிலும் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007இலிருந்து இப்படி ஒரு பதிவேடு நடத்துகிறது. சும்மா போய்த் தேடிப் பார்த்தேன், நேரம் போனதே தெரியவில்லை.

'கேமரா விட்டுக் கழுவுவது' பற்றி 2002இலேயே ஒரு சோதனை வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை, 180 பேர். ஒரு கூட்டத்துக்கு முட்டியைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், ஒரு கூட்டத்துக்குக் கழுவி மட்டும் விட்டார்கள், மூன்றாவது கூட்டத்துக்குத் தோலில் கீறல் போட்டுத் தைத்தார்கள், உள்ளே ஒன்றும் செய்யவில்லை. கழுவுகிற சத்தம் கேட்கட்டும் என்று தண்ணீரைத் தெளித்தார்களாம். இரண்டு வருஷம் பின்தொடர்ந்தும் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. நான் இதைச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியது.

"கத்தியால கீறிட்டு சும்மா தைச்சு அனுப்பிட்டானா? பாவி!"

முன்னாடியே சொல்லித்தான் செய்தார்கள், 'எனக்குப் பொய் ஆபரேஷனாகவும் இருக்கலாம்' என்று ஒவ்வொருவரும் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள் என்றேன். அவள் சமாதானம் ஆகவில்லை. இன்னமும் ஆகவில்லை. அடுத்து ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாம் வெள்ளக்காரன் முட்டி. நமக்கு ஒத்துவருமா?"

நியாயமான கேள்வி. ஹூஸ்டன் சோதனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் வேறு. முட்டிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இப்படிச் சோதித்துப் பார்ப்பது வெள்ளைக்காரனுக்கு மட்டும் சொந்தமில்லை என்று ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஸ்பர்டாங்க் ரோட்டில், காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அம்மாவுக்கு அது பஸ் ஸ்டாப் அடையாளம். 1956இல் அங்கே ஆரம்பித்த மையத்தில் ஒரு சோதனை செய்தார்கள். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம்தான். ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்று, நர்ஸ். மெட்ராஸில் அத்தனை பேருக்குப் படுக்கைக்கு எங்கே போவது? அதனால் நோயாளிகளைக் குலுக்கல் போட்டு, பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயே வைத்தார்கள், மருந்து இரண்டு பக்கமும் ஒன்றுதான். வீடென்றால் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடிக்கும் வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணம். கூட இருந்த வீட்டாருக்கும் அதிகமாகத் தொற்றவில்லை. 1959இல் அந்த முடிவு வெளிவந்து, உலகம் முழுக்க டி.பி. வைத்தியம் ஆஸ்பத்திரிப் படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்தது.

"நம்ம ஸ்பர்டாங்க் ரோடா?" என்றாள் அம்மா. அவளுடைய அத்தை ஒருத்தியை டி.பி. என்று தனியே பின்கட்டில் வைத்திருந்ததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் கதை தனிப் பதிவு.

சரி, ஊசி வேண்டாமென்றால் வேறென்ன? அதற்கு காக்ரேன். ஆர்ச்சி காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பேரில் 1993இல் தொடங்கிய அமைப்பு, தொகுப்பாய்வு செய்வதே வேலை. அவர்கள் சின்னத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வட்டத்துக்குள் நெட்டாக ஒரு கோடு, குறுக்கே சின்னச் சின்னதாகப் பல கோடுகள், அடியில் ஒரு வைரம். குறைப்பிரசவம் ஆகப்போகிற தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று பார்த்த சோதனைகளின் வரைபடம் அது. ஒவ்வொரு குறுக்குக் கோடும் ஒரு சோதனை. நெட்டுக் கோடு என்றால் வித்தியாசம் இல்லை என்று பொருள். தனித்தனியாகப் பார்த்தால் பல கோடுகள் அதைத் தொட்டுக்கொண்டு மழுப்புகின்றன. எல்லாவற்றையும் கூட்டின வைரம் மட்டும் தெளிவாக ஒரு பக்கம் விலகி நிற்கிறது, பிழைக்கும் என்று. முதல் சோதனை 1972இல் வந்துவிட்டது. கூட்டிப் பார்க்க 1989 ஆகிவிட்டது. இடையில் அந்த மலிவான ஊசி கிடைக்காமல் போன குழந்தைகள் எத்தனையோ.

காக்ரேன் சுருக்கங்கள் பல தமிழிலும் இருக்கின்றன. நல்ல காரியம். வாக்கியங்கள் மட்டும் முட்டியைவிட விறைப்பாக இருக்கின்றன. என் கை அரித்தது, அடக்கிக்கொண்டேன். முட்டித் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி பற்றி 2015இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வலி குறைகிறது என்றார்கள். 2024 கடைசியில் 139 சோதனைகளாகப் பெருக்கி மறுபடி பார்த்தபோது சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது: குறைகிறது, ஆனால் நோயாளிக்குப் பெரிதாகத் தெரிகிற அளவுக்கா என்பது உறுதியில்லை. சொன்னதைத் தானே திருத்திக்கொள்கிற இடம். எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வந்ததே இந்த இடத்தில்தான்.

பிரின்ட் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். "கூகுள் பார்த்துட்டு வந்துட்டீங்களா" என்றார், சிரிக்காமல். நான் தாளை நீட்டி, "உப்புத்தண்ணியோட ஒப்பிட்டு இதைவிடப் பெரிசா வேற ஏதாவது இருக்கா டாக்டர்? இருந்தா அம்மா போட்டுக்கறாங்க" என்றேன். வாங்கிப் படித்தார். முழுதாகவே படித்தார், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். "இது ஒரு ஸ்டடிதான்மா" என்றார். அதுவும் உண்மைதான். கடைசியில், "மூணு மாசம் பிசியோ பண்ணுங்க, அப்புறம் பார்ப்போம்" என்று எழுதிக் கொடுத்தார்.

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்கி, ஐந்து எண்ணி விடுவது. நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது. அம்மா முதல் வாரம் அவளைத் திட்டினாள். இரண்டாம் வாரம் அவளுக்குச் சீடை கட்டிக்கொண்டு போனாள். சீரியல் விளம்பர இடைவேளையெல்லாம் நாற்காலிப் பயிற்சி.

இப்போது நாலு மாதம். வலி இருக்கிறது. 34 படியில் முன்பு மூன்று இடத்தில் நின்றவள் இப்போது ஒரு இடத்தில் நிற்கிறாள். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இன்னும் ஆள் வேண்டும். பயிற்சியா, தானாக இறங்கிய வலியா? அந்த 1.8 என் தலைக்குள்ளேயே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இன்னொரு அம்மா இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு மாமியும் அம்மாவும் மாடிப்படி வளைவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு எல்லாம் அந்த ஊசிதான்" என்றார் மாமி. "எனக்கு எக்சர்சைஸ்தான், சத்தியமா சொல்றேன்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.