செவலைக்குச் சினை நின்ற விதம்

மூன்று தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை என்றால் மாட்டை விற்றுவிடு என்பார்கள். வடுவூர் பக்கம் எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். பால் வற்றிய, சினை நிற்காத மாட்டை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் செவலையை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அது மறுபடி சினையாகும் வரை என்னென்ன செய்தோம், எதை எதற்காகச் செய்தோம் என்று எழுதுகிறேன். இதே போல ஒரு மாட்டை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு உதவும்.

செவலை ஜெர்சி கலப்பு. ஆவணியில் மூன்றாவது ஈத்து, கிடேரிக் கன்று. கன்று நல்லபடியாக விழுந்துவிட்டது, நஞ்சுக்கொடிதான் விழவில்லை. சாதாரணமாக 12 மணி நேரத்துக்குள் தானாக விழுந்துவிட வேண்டும். மறுநாள் காலை, மாட்டு வைத்தியம் பார்க்கும் ஒருவர் கையை விட்டு இழுத்தார். அறுந்து அறுந்துதான் வந்தது. வந்த வரைக்கும் வைக்கோலில் சுற்றி, வழக்கம் போல ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தார் என் கணவர்.

பிரச்சினை அங்கேயே தொடங்கிவிட்டது என்று பின்னால்தான் புரிந்தது. நஞ்சுக்கொடி கருப்பையின் உள்சுவரில் பொத்தான் போட்டது போலப் பல இடங்களில் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடிப்பு தானாகத் தளர வேண்டும். வலுவாக இழுத்தால் சுவர் புண்ணாகும், உள்ளே தங்கிய துண்டு அழுகும், கிருமி சேரும். அதன் விளைவு உடனே தெரியாது. மாடு தின்னும், பால் கொடுக்கும், பருவத்துக்கும் வரும். சினை மட்டும் நிற்காது.

ஈன்ற பிறகு கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க 40 முதல் 45 நாள் ஆகும். அதனால் 60 நாள் கழித்துத்தான் ஊசி போட வேண்டும் என்பார்கள். நாங்களும் காத்திருந்து ஐப்பசியில் போட்டோம். திரும்பிவிட்டது, அதாவது சினை நிற்காமல் மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது. கார்த்திகையில் போட்டதும் திரும்பியது, மார்கழியில் போட்டதும் அப்படியே. 21 நாளுக்கு ஒரு தரம் தவறாமல் கத்தியது. மாட்டுப் பொங்கல் கழிந்ததுமே தரகர் வந்துவிட்டார். "அக்கா, இது இனிமே தங்காது, குடுத்துடுங்க" என்றார். எங்கள் வீட்டிலும் பாதி மனது அவர் பக்கம் சாய்ந்திருந்தது.

என் மாமியார் வேறு மாதிரி சொன்னார். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் இந்த வீட்டில் நின்றதெல்லாம் உம்பளாச்சேரி மாடுகள். சேற்று உழவுக்கென்றே இந்த மண்ணில் வளர்ந்த இனம். மேய்ச்சலுக்குப் போகிற மந்தையோடு காளையும் போகும். "எந்த மாடு எப்பத் தயாருன்னு காளைக்குத் தெரியும். நமக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல" என்றார். எனக்கு இந்தப் பேச்சுதான் எல்லாவற்றுக்கும் திறப்பு. இப்போது காளை இல்லை, ஊசி இருக்கிறது. ஆனால் காளை மோந்து பார்த்துக் கண்டுபிடித்த வேலையை யார் செய்வது? வீட்டில் இருக்கிற நாம்தான் செய்ய வேண்டும். அதை யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தை மாதம் செவலையைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். 2012இல் தொடங்கிய கல்லூரி அது, எங்களுக்குப் பக்கம். சரியாகப் பருவத்தில் இருந்த நாளாகப் பார்த்துப் போனோம். டாக்டர் முதலில் கேட்டது, "வழும்பு எப்படி இருந்துச்சு?" என்று. பருவத்தில் மாட்டின் பின்பக்கம் வடிகிற சளி போன்றதுதான் வழும்பு. அது கண்ணாடி போலத் தெளிவாக, அறுபடாமல் கயிறாகத் தொங்கினால் நல்லது. செவலைக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது, உற்றுப் பார்த்தால் நடுவே வெள்ளைத் துணுக்குகள். அந்த வழும்பைக் கொஞ்சம் எடுத்து, 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு கலந்து சூடு காட்டினார்கள். மஞ்சள் நிறம் வந்தது. நிறம் மாறாமல் இருந்தால் கருப்பை சுத்தம், மஞ்சளானால் உள்ளே அழற்சி. பார்ப்பதற்கு எளிய சோதனைதான். மூன்று ஊசி வீணாகும் முன்பே இதைச் செய்திருக்கலாமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கருப்பைக்குள் மருந்து செலுத்தினார்கள். அடுத்த பருவத்தில் ஊசி போடவே கூடாது, சும்மா விட வேண்டும் என்றார்கள். வீட்டில் இதை ஏற்க வைப்பதுதான் பெரிய பாடு. ஒரு பருவத்தை விட்டால் 21 நாள் தீவனம் வீண் என்று கணக்குப் போடுவார்கள். புண் ஆறாத கருப்பையில் ஊசி போட்டால் அந்த ஊசியும் வீண், அடுத்த 21 நாளும் வீண் என்று பதில் கணக்குச் சொல்லிச் சமாளித்தேன்.

மாசிப் பருவத்தில் மறுபடி அழைத்துப் போனோம், ஊசிக்காக இல்லை, ஸ்கேனுக்காக. அங்கே இன்னொரு விஷயம் தெரிந்தது. மாட்டுக்குப் பருவம் சுமார் 12 முதல் 18 மணி நேரம் இருக்கும். பருவம் அடங்கி ஏறக்குறைய 10, 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியே வரும். வந்த முட்டை சில மணி நேரம்தான் தாங்கும். விந்தணு ஒரு நாள் போல உயிரோடு இருக்கும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். செவலைக்கோ பருவம் அடங்கிய மறுநாளும் முட்டைப் பை உடையாமல் இருந்தது. அதாவது அதற்கு முட்டை தாமதமாக வருகிறது. நாங்கள் சரியான நேரம் என்று போட்ட ஊசியின் விந்தணு, முட்டை வருவதற்குள் செத்துப்போயிருக்கும். "அம்மா, மாடு மலடு இல்ல. நேரம் ஒத்து வரல, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

இடையில் தீவனத்தை மாற்றினோம். டெல்டாவில் மாடு என்றால் வைக்கோல்தான். அறுவடை முடிந்தால் போர் போட்டுவிட்டு வருஷம் முழுக்க அதையே போடுகிறோம். வைக்கோலால் வயிறு நிறையும். ஆனால் அதில் புரதமும் பாஸ்பரஸும் மிகக் குறைவு, வைட்டமின் ஏ தரும் கரோட்டின் சத்து காய்ந்ததில் அநேகமாக இல்லை. பால் கறக்கிற மாடு இந்தக் குறையைத் தன் உடம்பிலிருந்தே ஈடுகட்டும். இளைத்த உடம்பு சினைக்கு முதலிடம் தராது. வாய்க்கால் கரையில் கோ-4 புல் கரணை வைத்தோம், வேலியில் அகத்தி ஏற்கெனவே இருந்தது. தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தவிட்டோடு கலந்தோம். தண்ணீர் தேங்குகிற வயலில் நத்தை இருக்கும், அதன் வழியே தட்டைப்புழு வரும் என்பதால் அதற்குரிய மருந்தும் கொடுத்தார்கள்.

மூலிகையும் கொடுத்தேன். மாட்டுக்கான மூலிகை வைத்தியத்தைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூரில் இருந்து பல வருஷம் பரப்பியிருக்கிறார். சினை பிடிக்காத மாட்டுக்கு அவர் சொன்ன முறை எங்கள் பக்கம் பலருக்கு மனப்பாடம். பருவத்துக்கு வந்த முதல் நாளோ மறுநாளோ தொடங்கி, தினம் ஒரு வெள்ளை முள்ளங்கி 5 நாள், பிறகு ஒரு சோற்றுக்கற்றாழை மடல் 4 நாள், முருங்கை இலை நான்கு கைப்பிடி 4 நாள், பிரண்டை நான்கு கைப்பிடி 4 நாள், கறிவேப்பிலை நான்கு கைப்பிடி மஞ்சளோடு 4 நாள். வெல்லமும் உப்பும் சேர்த்து ஒரு வேளை. மாசிப் பருவத்தில் தொடங்கினேன், டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். மருந்தா, மூலிகையா, தீவனமா, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நேரம் பிடிபடாமல் இருந்திருந்தால் இவை எதுவும் போதாது என்பது மட்டும் என் எண்ணம்.

நேரத்தைப் பிடிக்க ராக்காவல் வேண்டியிருந்தது. பருவ அடையாளம் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும்தான் நன்றாகத் தெரியும், வெயில் காலத்தில் இன்னும் அதிகமாக அப்படித்தான். தனியாகக் கட்டிக் கிடக்கும் மாட்டுக்கு ஏற இன்னொரு மாடும் இல்லை. கத்தல், வாலைத் தூக்கி அடிக்கடி மூத்திரம் விடுதல், பால் குறைதல், வழும்பு, இவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் தடயம். சமையலறைக் காலண்டரில் 18ஆவது நாளிலிருந்தே குறி போட்டு, படுக்கும் முன் ஒரு தடவை, விடிவதற்கு முன் ஒரு தடவை டார்ச்சோடு கொட்டிலுக்குப் போனேன். பின்பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். படுத்த மாடு எழுந்த இடத்தில்தான் வழும்பு கிடக்கும்.

பங்குனியில் ஒரு ராத்திரி அது தெரிந்தது. துணுக்கு எதுவும் இல்லை, சுத்தமான கண்ணாடி. மறுநாள் காலை எங்கள் மருந்தக டாக்டர் வந்து போட்டார். உறைவிந்துக் குச்சி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருந்து வருவது. 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து உருக்க வேண்டும். முன்பு வந்தவர் உள்ளங்கையில் தேய்த்தே சூடாக்குவார். இந்த முறை நானே தெர்மாமீட்டரோடு தண்ணீரை வைத்திருந்தேன். முட்டையைச் சீக்கிரம் வெளியேற்ற ஒரு ஹார்மோன் ஊசியும், 24 மணி நேரம் கழித்து இரண்டாவது சினை ஊசியும் போட்டார். ஹார்மோன் எல்லா மாட்டுக்கும் பொருந்தாது. சினை மாட்டுக்குத் தவறான ஹார்மோன் போனால் கரு கலைந்துவிடும். டாக்டர் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

அதற்கடுத்த நாள் வாலில் ரத்தம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "போச்சு, தங்கல" என்றார். ரத்தம் வந்தால் சினை இல்லை என்று நிறைய பேர் நம்புகிறார்கள், அது சரியல்ல. பருவம் முடிந்து ஓரிரு நாளில் ஹார்மோன் இறங்குவதால் வருகிற கசிவு அது. சினை நின்றாலும் வரும், நிற்காவிட்டாலும் வரும்.

சித்திரையில் கத்தவில்லை. வைகாசியிலும் கத்தவில்லை. கத்தாதது மட்டும் சாட்சியாகாது, அக்னி வெயிலில் பருவம் வெளியே தெரியாமலும் போகலாம். வைகாசிக் கடைசியில், 60 நாள் கழிந்த பிறகு டாக்டர் கையை விட்டுப் பார்த்து, சினை என்றார். மாமியார் உடனே கொட்டிலில் சூடம் ஏற்றினார்.

இப்போது ஐப்பசி. 280 நாள் கணக்குப்படி மார்கழிக் கடைசியில் ஈனும், இரண்டு மாதம் இருப்பதால் கறவையை நிறுத்திக்கொண்டிருக்கிறோம். நஞ்சுக்கொடி இந்தத் தடவையும் தங்கினால் கை வைக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு போன் போடுவது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். போன வருஷத்துக் கிடேரியும் பருவம் காட்டத் தொடங்கிவிட்டது. உடல் எடை வந்த பிறகே அதற்கு ஊசி என்பதால், மாதம் ஒரு முறை மார்புச் சுற்றளவை டேப்பால் அளக்கிறோம். உறைவிந்துக் குச்சியில் காளையின் எண் அச்சிட்டிருக்கும். கிடேரியின் அப்பன் எண்ணை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், அதே காளையின் ஊசி அதற்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக.