அப்டேட் ஆனது, பழைய கோட் (code) ஓடியது

ஓஎஸ்ஜிஐ என்பது ஜாவா நிரலை பண்டில் என்ற துண்டுகளாகப் பிரித்து, ஓடும்போதே மாற்றவிடும் அமைப்பு. அதில் ஒரு பண்டிலை அப்டேட் செய்தேன். நிலை ஆக்டிவ். ஆனால் அதன் பேக்கேஜை இம்போர்ட் செய்திருந்த பண்டிலில் பழைய கிளாஸே ஓடியது! அரை நாள் போனது. ரெஃப்ரெஷ் கொடுக்கும்வரை பழைய இணைப்பு அறுவதில்லை. கொடுத்தால் சார்ந்திருக்கும் பண்டில்களும் நின்று மீண்டும் எழும்.

அப்புறம் சர்வீஸ்கள், அதாவது ஒரு பண்டில் மற்றவற்றின் பயன்பாட்டுக்குத் தரும் ஆப்ஜெக்ட்கள். இவற்றைக் காம்பொனென்ட்களோடு தானே இணைத்துத் தரும் டிக்ளரேட்டிவ் சர்வீசஸில் இயல்புநிலை ஸ்டாட்டிக்: பிடித்திருந்த சர்வீஸ் போனால் காம்பொனென்டையே கலைத்து, மாற்று கிடைத்ததும் புதிதாக உருவாக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும், நிம்மதி. ஆனால் என் காம்பொனென்ட் ஒன்று எழும்போதே பெரிய கேஷை (தற்காலிகத் தரவுச் சேமிப்பு) நிரப்பும்; ஒவ்வொரு முறையும் கலைத்து உருவாக்கினால் கட்டாது. அதற்கு மட்டும் டைனமிக் (கலைக்காமலே சர்வீஸ் மாறும்), ஆப்ஷனல் (சர்வீஸ் இல்லாமலும் இயங்கும்). சர்வீஸை வைத்திருக்கும் ஃபீல்டு வோலட்டைல்: ஒரு த்ரெட் மாற்றினால் மற்றவற்றுக்கும் தெரியும். மெத்தடுக்குள் அதை முதலில் லோக்கல் மாறியில் எடுத்து, null (காலி) இல்லை என்று பார்த்த பிறகே அழைக்கிறேன். ஃபீல்டையே இரண்டு முறை படித்தால் நடுவில் சர்வீஸ் போய்விடலாம்.