குறைமாசப் புள்ளைக்கு ரெண்டாவது தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் எங்க சொந்தத்துல குறைமாசத்துல புள்ள பிறந்துட்டா எல்லாரும் கேக்குறது எடை எவ்வளவு, பால் குடிக்குதா, இந்த ரெண்டும்தான். தைராய்டு பாத்தாச்சான்னு யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. என் தங்கச்சி மகன் பிறந்ததுக்கு அப்புறம் நான் அதைத்தான் எல்லார்கிட்டயும் கேக்குறேன்.

அவன் 31 வாரத்துல பிறந்தவன். உறிஞ்சணும், முழுங்கணும், நடுவுல மூச்சும் விடணும், இது மூணும் சேந்து கூடி வர்றதுக்கு கிட்டத்தட்ட 34 வாரம் ஆகும், அதுவரைக்கும் டியூப் வழியா தாய்ப்பால், அப்புறம் பாலாடை, அப்புறம்தான் மார்ல குடிக்கிறது. பாலாடைன்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம வீட்டு சங்கு மாதிரிதான். தங்கச்சி பாவம் ராத்திரி பகல் பாக்காம பால் பீய்ச்சிக் குடுத்தா, கங்காரு முறையில நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டா, எடையும் ஏறிச்சு, வீட்டுக்கும் அனுப்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரே தூக்கம். எழுப்பி எழுப்பி பாலாடையில குடுத்தா பாதி கடைவாய்ல வழியுது, வெளிய போறதும் கஷ்டம், கை கால் சில்லுன்னு இருக்கு, மஞ்சள் காமாலையும் முழுசா இறங்கல. அவ மாமியாரு "குறைமாசப் புள்ள அப்படித்தேன் இருக்கும்த்தா, போகப் போகத் தேறிரும்"னாக. அவுக சொன்னதுலயும் நியாயம் இருக்கு, ஏன்னா இது அத்தனையும் குறைமாசத்தாலயும் வரும், தைராய்டு கம்மியா இருந்தாலும் வரும், வெளிய பாத்து பிரிச்சுச் சொல்ல முடியாது. அதுலயும் பிறந்த கொஞ்ச நாள்ல எடுத்த டெஸ்ட் நார்மல்னு பேப்பர்லயே இருந்துச்சு.

செக்கப்புக்குப் போனப்ப டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னாங்க, பாத்தா டிஎஸ்ஹெச், அதான் தைராய்டை வேலை செய்யச் சொல்லித் தூண்டுற ஹார்மோன், எகிறிக் கிடக்கு. அவங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியும், தைராய்டு குறைஞ்சா மூளையில இருந்து டிஎஸ்ஹெச் ஏறணும், ஆனா குறைமாசக் குழந்தைக்கு அந்த ஏற்பாடே இன்னும் முதிர்ந்திருக்காது, அதனால முதல் டெஸ்ட்ல ஏறாம இருந்துட்டு சில வாரம் கழிச்சுதான் ஏறும். அதுக்குத்தான் பிறந்து 2 வாரத்துல இருந்து 4 வாரத்துக்குள்ள இன்னொரு தடவை பாக்கணும். 4 வாரத்துல கண் விழித்திரை பாக்க எப்படியும் கூட்டிட்டுப் போவீங்க, அதுவரைக்கும் எடுக்கலன்னா அன்னைக்காவது கேட்டுருங்க. தைராய்டு குறைபாடு மூளை வளர்ச்சியைத் தொடுற விஷயம், சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் நல்லா வளருவாங்க, தள்ளிப்போனா போனதுதான்.

நம்ம பக்கம் இன்னொரு நினைப்பு இருக்கு, கடலோரத்துல இருக்கோம், மீன் சாப்பிடுறோம், அயோடின் குறையே வராதுன்னு. மீன்ல இருக்கு, சரி. ஆனா உப்பளத்துல இருந்து அப்படியே அள்ளிட்டு வர்ற கல்லுப்புல அயோடின் ரொம்ப ரொம்பக் கம்மி, கர்ப்பிணி இருக்குற வீட்ல அயோடின் கலந்த உப்புதான் வாங்கணும். அதே அயோடின் அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்து, குறைமாசக் குழந்தை தோல்ல பெட்டாடின் மாதிரி மருந்தை நிறையத் தடவினா அது உள்ள போய் தைராய்டையே அமுக்கிரும், அதனால தொப்புள்ல நீங்களா எதுவும் தடவாதீங்க.

மருந்துன்னு பாத்தா சின்ன தைராக்ஸின் மாத்திரைதான். பொடிச்சு கொஞ்சூண்டு தாய்ப்பால்ல கரைச்சு ஸ்பூன்ல குடுக்கணும், முழு பால்ல கலந்தா குழந்தை மிச்சம் வைக்கும், மருந்தும் அதோட போயிரும். இதுல முக்கியமா ஒண்ணு, குறைமாசக் குழந்தைக்கு இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்தும் எழுதிக் குடுப்பாங்க, அதையும் இதையும் ஒண்ணா குடுத்தா தைராக்ஸின் உடம்புல சேராது, 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்க. சேனைத்தண்ணி, உரமருந்து எதுவும் வேண்டாம், அம்மாச்சி கோவிச்சாலும் பரவாயில்ல. பச்சையா வாந்தி எடுத்தா, வயிறு உப்பினா, மலத்துல ரத்தம் வந்தா தைராய்டுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க, அது குடல் பிரச்சனையா இருக்கலாம், உடனே 108 கூப்பிடுங்க.

இப்ப அவன் மார்லயே குடிக்கிறான், அழுகைக்கும் சத்தம் வந்துருச்சு. எடை ஏற ஏற டோஸ் மாத்தணும்னு அடிக்கடி ரத்தம் எடுக்குறாங்க. சில புள்ளைகளுக்கு இது தற்காலிகம்தானாம், 3 வயசு வாக்குல டாக்டரே மாத்திரையை நிறுத்திப் பாத்து சொல்லுவாங்க, அதுவரைக்கும் புள்ள நல்லா இருக்கேன்னு நாமளா நிறுத்திரக்கூடாது.