தேர்வுத் தளம் உங்கள் கணினியில் மட்டும் திறக்கவில்லையா?

விண்ணப்பிக்க உட்காரும்போது தளம் 'ஆக்சஸ் டினைட்' என்றோ '403 ஃபர்பிடன்' என்றோ காட்டினால், சர்வர் டவுன் என்று நினைத்து நாளைக்குத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். அதே தளம் கைப்பேசியில் திறக்கிறது என்றால் காத்திருப்பதில் பயனில்லை. 403 என்றால் உங்கள் கோரிக்கை சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, அதை ஏற்க மறுக்கிறார்கள் என்று பொருள்.

கடைசித் தேதி நெருங்கிவிட்டால் பழுதை அப்புறம் பார்க்கலாம், முதலில் விண்ணப்பத்தை முடியுங்கள். கைப்பேசி குரோமில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான படிவங்களை நிரப்பிவிடலாம். கட்டணம் செலுத்தும் கட்டத்தில் மட்டும் இரண்டு கருவிகளிலும் மாறி மாறி முயல வேண்டாம். பணம் இரண்டு முறை போய்விட்டால் திரும்பி வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும்.

சரி, இனி கணினிக்கு வருவோம். கைப்பேசியில் திறந்ததே, அது மொபைல் டேட்டாவிலா, கணினி இருக்கும் அதே வைஃபையிலா? டேட்டாவை அணைத்து, வைஃபையில் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கேயும் மறுத்தால் சிக்கல் உங்கள் இணைய இணைப்பில். திறந்தால் கணினியில்தான். இதை உறுதி செய்யாமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது இன்காக்னிட்டோ சன்னல், அதாவது பிரவுசரின் தனிப்பட்ட உலாவல் சன்னல். அதில் பழைய குக்கிகள் (தளங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு தகவல்கள்) இருக்காது, எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சிறு நிரல்கள்) பொதுவாக ஓடாது. அங்கே திறந்துவிட்டால் அந்தத் தளத்தின் குக்கிகளை மட்டும் நீக்குங்கள், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

எங்கள் வீட்டில் இது போதவில்லை. இன்காக்னிட்டோவிலும் மறுத்தது, ஃபயர்ஃபாக்ஸிலும் மறுத்தது. எந்த பிரவுசரில் திறந்தாலும் ஒரே பதில் என்றால், கோளாறு பிரவுசருக்கு அடியில் இருக்கிறது. அப்போது ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) காட்டும் தளம் ஒன்றைக் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் திறந்து ஒப்பிட்டேன். கைப்பேசி எங்கள் இணைய நிறுவனத்தின் பெயரைக் காட்டியது, மடிக்கணினியோ நெதர்லாந்து என்றது! தம்பி விளையாட்டுக்காகப் போட்டிருந்த இலவச விபிஎன் (நம் இணைப்பை வேறு இடத்துச் சர்வர் வழியாகத் திருப்பிவிடும் மென்பொருள்), கணினி தொடங்கும்போதே தானாக ஓடிக்கொண்டிருந்தது. இந்திய அரசுத் தளங்கள் பலவும் வெளிநாட்டு முகவரிகளிலிருந்து வருபவர்களை உள்ளே விடுவதில்லை. விபிஎன்னை நிறுத்தியதும் தளம் திறந்தது.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐபிவி6 (ஐபி முகவரியின் புதிய வகை) இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் இருக்கும், அதனால் எண்கள் வேறுபடுவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நாடும் நிறுவனப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

விபிஎன் இல்லையென்றால் விண்டோஸ் அமைப்புகளில் 'ப்ராக்ஸி' (இணையக் கோரிக்கைகளை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்) பக்கத்தைத் திறங்கள். கல்லூரியிலோ அலுவலகத்திலோ பயன்படுத்திய மடிக்கணினிகளில் பழைய ப்ராக்ஸி முகவரி அப்படியே தங்கியிருக்கும். ஆன்டிவைரஸின் இணையப் பாதுகாப்பையும் சில நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் உடனே திரும்பப் போட்டுவிடுங்கள். விண்டோஸ் 7 கணினி என்றால், குரோம் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. மிகப் பழைய பிரவுசர்களைச் சில தளங்கள் ஏற்பதில்லை. அப்படியானால் வேறு கணினியில் முயன்று பாருங்கள்.

'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வந்தால் அது வேறு கதை. முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துபோனால், அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடும். அப்போது தளத்தின் சான்றிதழ் (தளம் உண்மையானது என்று காட்டும், காலவரம்புள்ள டிஜிட்டல் ஆவணம்) செல்லாதது போலத் தெரியும். தேதியைத் திருத்தினாலே போதும்.

எதுவும் பலிக்கவில்லையென்றால் உதவி மையத்துக்கு எழுதுங்கள். 'தளம் வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதினால் பொதுவான பதில்தான் வரும். மறுப்புப் பக்கத்தின் அடியில் நீளமான ஒரு குறிப்பு எண் இருந்தால், அது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நேரம், உங்கள் ஐபி முகவரி, பிரவுசரின் பதிப்பு, அதே வைஃபையில் கைப்பேசியில் திறக்கிறது என்ற தகவல் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தக் குறிப்பு எண்ணை வைத்து, எந்த விதி உங்களைத் தடுத்தது என்று அவர்களால் தேடிப் பார்க்க முடியும்.