சீழ் பிடிக்கும் தோல்: சில குறிப்புகள்

பிப்ரவரி 4
எனக்கு எக்ஸிமா, அதாவது தோல் வீங்கி அரிக்கும் கரப்பான். முழங்கை மடிப்பில் நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டிவிட்டது. மருத்துவர் பார்த்தவுடனேயே ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சுருக்கமாக ஸ்டாஃப், என்றார். எக்ஸிமா புண்களில் பெரும்பாலும் குடியிருப்பது இந்தப் பாக்டீரியாதான். "சுத்தமா இல்லைன்னா இப்படித்தான்" என்று வீட்டில் ஒரு குரல். பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 6
சித்தப்பாவுக்குச் சொரியாசிஸ். என்னைவிட மோசமாக வெடித்துச் செதில் செதிலாக உதிரும். ஆனால் அவருக்குச் சீழ் பிடித்து நான் பார்த்ததில்லை. தோல் கிழிவது மட்டும் காரணம் என்றால் அவருக்கும் பிடிக்க வேண்டுமே?

2002-இல் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு வகை நோயாளிகளின் தோலையும் ஒப்பிட்டால், கிருமியின் சவ்வைத் துளைத்துக் கொல்லும் சிறு புரதங்களான கேத்தலிசிடினும் பீட்டா டிஃபென்சின்-2-உம் சொரியாசிஸ் புண்ணில் தாராளமாக இருந்தன. எக்ஸிமா புண்ணில் மிகக் குறைவு. வீக்கம் வந்தால் சுரக்க வேண்டியவை, நமக்கு மட்டும் சுரப்பதில்லை.

பிப்ரவரி 7
ஏன் சுரப்பதில்லை? எக்ஸிமா வீக்கத்தில் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்ற இரண்டு சமிக்ஞைகள் ஓங்கி நிற்கும். அவைதான் இந்தப் புரதங்களின் உற்பத்தியை அமுக்குகின்றன. ஸ்டீராய்டு களிம்பு போட்டால் தோலின் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில் போட்டு வீக்கம் அடங்கினால், தோலில் ஸ்டாஃபும் குறைகிறது. அந்த இரண்டு சமிக்ஞைகளையும் தடுக்கும் டுபிலுமாப் ஊசி 2017-இல் வந்தது. அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கும் ஸ்டாஃப் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 11
இன்னொரு புரதம் ஃபிலாக்ரின். தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டுவது அதுதான். பிறகு அதுவே சிதைந்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்களாகவும் தோலுக்கு அமிலத்தன்மை தரும் பொருள்களாகவும் மாறுகிறது. அமிலம் குறைந்தால் ஸ்டாஃபுக்குக் கொண்டாட்டம். இதன் மரபணுக் கோளாறுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006-இல் தெரியவந்தது. கோளாறு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. கோளாறே இல்லாமலும் வரும், ஏனென்றால் அதே வீக்கச் சமிக்ஞைகள் ஃபிலாக்ரினையும் குறைத்துவிடும். காரமான சோப்பைப் போட்டுத் தேய்ப்பது இருக்கிற அமிலத்தையும் கழுவிவிடும். சுத்தம் பற்றிய அந்தக் குரலுக்கு இதுதான் பதில்.

பிப்ரவரி 15
பொருக்கு உதிர்ந்தது. அரிப்பு இருக்கிறது.

பிப்ரவரி 19
தம்பி வந்திருக்கிறான், உதட்டோரம் ஹெர்பிஸ் கொப்புளத்தோடு. கேத்தலிசிடின் அந்த வைரஸையும் எதிர்க்கும் புரதம். அது குறைந்த தோலில் ஹெர்பிஸ் மளமளவென்று பரவலாம். ஒரே அளவில் குழி விழுந்த சின்னச் சின்னப் புண்கள், வலி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணருகே என்றால் இன்னும் அவசரம். அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துக்குக் கேட்கும், ஆனால் தாமதிக்கக் கூடாது. அதனால் அவனுக்குத் தனித் துண்டு, தனித் தலையணை. முறைக்கிறான். சரி, கொப்புளம் காயும்வரை முறைக்கட்டும்.