வலி எவ்வளவு என்பதோடு எங்கே என்றும் கேளுங்கள்

மயக்கவியல் எம்.டி.யில் என் தீசிஸ், லேப்ராஸ்கோபியில் பித்தப்பை எடுத்தவர்களுக்கு எந்த மரப்பு ஊசி முறை வலியை நன்றாகக் குறைக்கிறது என்பது பற்றி. ஒரு குழுவுக்கு போர்ட் போடும் இடங்களில், அதாவது கருவிகளை நுழைக்கும் சிறு துளைகளில், புபிவகைன் என்ற மரப்பு மருந்து. இன்னொரு குழுவுக்கு அல்ட்ராசவுண்டில் பார்த்து விலா எலும்புக்குக் கீழே டாப் ப்ளாக், அதாவது வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே போட்டு நரம்புகளை மரக்க வைக்கும் ஊசி. டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையில் செய்தேன்.

முதல் சில பேரிடம் ஒரு தப்புச் செய்தேன். 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்டு, ஒரே ஓர் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குக் காலையில் டாப் ப்ளாக் போட்டு ஆபரேஷன் முடிந்தது. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்ததும் 6 என்றார். ப்ளாக் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தேன். முகம் சுளிக்கவே இல்லை.

"வயித்துல ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. வலது தோள்பட்டதான் நாத்துக்கட்டு சுமந்த மாதிரி இழுக்குது."

வயிற்றை விரிக்க ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் ஃப்ரெனிக் நரம்பு கழுத்தில் சி3, சி4, சி5 என்ற தண்டுவட நரம்புகளிலிருந்து வருகிறது; தோளின் உணர்வும் அதே பகுதிக்குப் போவதால் வலி தோளில் தெரிகிறது. வயிற்றுச் சுவரில் எவ்வளவு அழகாக ஊசி போட்டாலும் அது அங்கே எட்டாது. என் படிவத்தில் இருந்த 6 ப்ளாக்கின் தோல்வியே இல்லை.

அப்புறம் கைடிடம் சொல்லி, நெறிமுறைக் குழுவுக்கு மாற்றம் எழுதிக் கொடுத்து, படிவத்தில் தழும்பு, உள்வயிறு, தோள் என்று வலியைக் குறிக்க மூன்று கட்டம் சேர்த்தேன். முந்தையவர்களின் விவரம் போனது போனதுதான். இதே மாதிரி தீசிஸ் செய்யப்போகும் நீங்கள் முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள். எண் சொல்லும் முறையை முந்தின நாள் சாயங்காலமே நோயாளிக்குப் பழக்கிவிடுங்கள். மயக்கம் தெளியும்போது சொன்னால் யாருக்கும் புரியாது.

வாய்மொழித் தேர்வான வைவாவிலும் இதைத்தான் தோண்டினார்கள். பக்கவாட்டில் போடும் டாப் ப்ளாக் ஏன் போதாது? அது பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழேதான் மரக்க வைக்கும். நெஞ்சுக்குழிக்குக் கீழுள்ள போர்ட் தப்பிவிடும். அதனால்தான் விலாவுக்குக் கீழே போடுகிறோம். உதரவிதானத்துக்கு அடியில் மருந்தைத் தெளிப்பது, கடைசியில் வாயுவை நன்றாக வெளியேற்றுவது, 2016-இல் வந்த, முதுகுத் தசைக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே ப்ளாக், எல்லாம் கேட்டார்கள். என்னைக் கேட்டால், அல்ட்ராசவுண்ட் இல்லாத தாலுகா மருத்துவமனையில் போர்ட் ஊசியும் பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் நேரம் தவறாமல் கொடுத்தாலே பெரிய நிம்மதி.

டோஸில் மட்டும் கவனம். புபிவகைன் கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால், 60 கிலோ ஆளுக்கு 120 மி.கி., அதாவது 0.25 சதவீத மருந்தில் 48 மி.லி. சர்ஜன் தன் பங்குக்குப் போடும் 10 மி.லி.யும் இதற்குள் அடங்க வேண்டும். மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறி நச்சானால் கொடுக்கும் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று முதல் கேஸுக்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள்.