கடகட சத்தமும் ஒரு ஜாப் கார்டும்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் தீரும்போது திக்கித் திணறி நிற்குமே, அப்படி இல்லை. ஐந்தாவது கியர், எழுபதுக்குக் கொஞ்சம் மேலே வேகம், நேரான சாலை. எஞ்சினுக்குள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அப்புறம் காற்றின் இரைச்சல் மட்டும்தான். பின்சக்கரம் இழுத்துப் பிடிப்பது இடுப்பில் தெரிந்ததும் இடது கை தானாகக் கிளட்சை அமுக்கிவிட்டது. உருட்டிக்கொண்டே ஓரம் கட்டினேன்.

ஒரே ஒரு முறை ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்த்தேன். ஒற்றை சிலிண்டர் வண்டி. வழக்கமாக இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மூச்சைப் பிடித்துத் தள்ளுவது போல ‘கொர்… கொர்…’ என்று சுற்றும். இன்றைக்குத் தையல் மெஷின் மாதிரி ‘விர்ர்ர்’ என்று ஓடியது. உள்ளே கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சத்தம் வேறு கிடையாது. இரண்டு நொடியில் விரலை எடுத்துவிட்டேன்.

அந்த வழியாகப் போன ஒருவர் நிறுத்தி, “செகண்ட் கியர் போடுங்க, நான் தள்ளிவிடுறேன்” என்றார். நல்ல மனசுதான். ஆனால் உள்ளே எதுவோ உடைந்திருக்கும்போது தள்ளி ஸ்டார்ட் செய்தால், உடைந்தது போய்ப் பக்கத்தில் இருக்கிறதையும் உடைக்கும். “தள்ள வேண்டாம் அண்ணே, வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்தால் போதும்” என்றேன். அவர் பிடித்துக்கொள்ள, குனிந்து ஆயில் கண்ணாடியை (ஆயில் அளவு தெரிய எஞ்சினில் பதித்திருக்கும் சின்ன ஜன்னல்) போட்டோ எடுத்தேன். கூடவே ஓடோமீட்டர் (11,640), எரிந்துகொண்டிருந்த எஞ்சின் விளக்கு, சுற்றியிருந்த சாலை. ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, வண்டியை ஏற்றிப் போக ஆள் வர இரண்டரை மணி நேரம். வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. வாரண்டி இரண்டு வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. அதை நினைத்துத்தான் சாலையோரம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அப்பாவி.

10 பிப்ரவரி, திங்கள்

சர்வீஸ் சென்டரில் வண்டியை சைடு ஸ்டாண்டில் இறக்கி வைத்திருந்தார்கள். அட்வைசர் குனிந்து ஆயில் கண்ணாடியைப் பார்த்தார். “ஆயிலே இல்லையே சார். ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்க. இது வாரண்டில வராது.”

ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. கண்ணாடி எஞ்சினின் வலது பக்கம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாயும். ஆயில் முழுவதும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டால் கண்ணாடியில் என்ன தெரியும்? சமதளத்தில் நேராக நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகத்திலேயே படம் போட்டிருக்கிறது. அட்வைசருக்கு இது தெரியாமல் இருக்காது. சண்டை போடாமல் நேற்றைய போட்டோவைக் காட்டினேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஆயில், ஓரத்தில் அந்த முகம் தெரியாத அண்ணனின் கை. “சரி சார், இங்கேயும் நிமிர்த்திப் பார்த்திடலாம்” என்றார். பார்த்தோம். அதே அளவுதான்.

அடுத்தது ஹேண்டில்பாரில் நான் மாட்டியிருந்த போன் சார்ஜர். “வெளியில வயரிங் பண்ணியிருக்கீங்க.” சார்ஜர் கம்பிக்கும் கம்ப்ரஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பதில் இல்லை, ஆனாலும் அதைக் குறித்துக்கொண்டார். இந்தக் குறிப்பு பிறகு எங்காவது தலைகாட்டும் என்று தோன்றுகிறது.

வண்டியின் புகாரையும் செய்யும் வேலையையும் எழுதும் ஜாப் கார்டில், புகார் என்ற இடத்தில் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று மட்டும் எழுதினார். பேட்டரி இறங்கினாலும் அதையேதான் எழுதுவார்கள். ‘ஓடும்போது உலோகச் சத்தத்துடன் திடீரென நின்றது. ஸ்டார்ட்டர் கம்ப்ரஷன் இல்லாமல் வேகமாகச் சுற்றுகிறது. ஆயில் அளவு நிமிர்த்திப் பார்த்ததில் சரி’ என்று சேர்க்கச் சொன்னேன். முகம் சுளித்தார், எழுதினார். நகல் வாங்காமல் நகரவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

பழைய காகிதங்களைத் தேடியதிலேயே மாலை போய்விட்டது. மூன்று சர்வீஸ் பில்லும் இருக்கின்றன, எல்லாம் உரிய கிலோமீட்டருக்குள். 10,000 கிலோமீட்டர் சர்வீஸின் ஜாப் கார்டு, கார்பன் வைத்து எழுதிய மெல்லிய மஞ்சள் தாள், நாலாக மடித்து வாரண்டி புத்தகத்துக்குள் கிடந்தது. அதில் நவம்பர் மாதம் நான் சொன்னது:

‘காலை முதல் ஸ்டார்ட்டில் கடகட சத்தம். சில நொடிகளில் நிற்கிறது.’

அதற்கு நேரே அவர்கள் எழுதியது: ‘செக்டு. நார்மல்.’

இந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தேன். மறந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. நார்மல் என்று சொன்ன பிறகும் அது தினமும் வந்தது. கேட்டால் வயிற்றைக் கலக்கியதால், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்யப் பழகிவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் அவ்வளவாகக் கேட்காது.

13 பிப்ரவரி, வியாழன்

எஞ்சினைப் பிரிக்க ஒப்புதல் கையெழுத்து கேட்டார்கள். வாரண்டி நிராகரிக்கப்பட்டால் பிரித்த கூலி என் தலையில் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பலபேர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரித்தால்தான் காரணம் தெரியும், காரணம் தெரிந்தால்தான் வாரண்டி முடிவாகும், முடிவாவதற்கு முன்பே கூலிக்குக் கையெழுத்து. வேறு வழியும் இல்லை. ‘என் முன்னிலையில் பிரிக்க வேண்டும், கழற்றிய பாகங்களை முடிவு வரும்வரை வைத்திருக்க வேண்டும்’ என்று இரண்டு வரி கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிரிப்பதற்கு முன் அங்கிருந்த மூத்த மெக்கானிக் ஒரு சோதனை செய்தார். பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் மாட்டினார். முள் அசையவே இல்லை. பிறகு பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை அழுத்தி ஏற்றினார். “இப்ப காதை வச்சுக் கேளுங்க சார். த்ராட்டில் பாடி பக்கம் இரைஞ்சா இன்டேக் வால்வு. ஆயில் ஊத்துற வாயில இரைஞ்சா பிஸ்டன் ரிங்கு. சைலன்சர்ல இரைஞ்சா எக்ஸாஸ்ட் வால்வு.” சைலன்சர் வாயில் கையை வைத்தேன். உள்ளங்கையில் குளிர்ந்த காற்று சீராக அடித்தது. மற்ற இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை.

ஒரு போல்ட்டைக்கூடத் திறக்காமல் மனிதர் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டார். முன் மேஜையில் இவரை உட்கார வைத்திருந்தால் திங்கட்கிழமையே எனக்குப் பாதி தலைவலி குறைந்திருக்கும்.

17 பிப்ரவரி, திங்கள்

இன்று திறந்தார்கள். அரை நாள் லீவு.

முதலில் ஆயிலை வடித்தார்கள். அளவுக் குடுவையில் பிடிக்கச் சொன்னேன். 1.55 லிட்டர். புத்தகத்தில் 1.7. உள்ளே ஒட்டி நிற்பதைக் கணக்கில் எடுத்தால் குறை சொல்ல முடியாது. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்தபோது சில மினுமினுப்புகள் தெரிந்தன. மெக்கானிக் காந்தத்தைக் கிட்டே கொண்டு போனதும் ஒட்டிக்கொண்டன. அப்படியானால் எஃகு. அலுமினியம் ஒட்டாது. பேரிங் தேய்ந்திருந்தால் சில வண்டிகளில் செம்பு நிறம் காட்டும் என்றார். அது இல்லை.

மேல் கவரைக் கழற்றியதும், வால்வுகளைத் திறந்து மூடும் கேமைச் சுழற்றுகிற டைமிங் செயின் தளர்ந்து தொங்கியது. கேமின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் குறி மூன்று பல் பின்தங்கியிருந்தது. பிறகு அந்தச் செயினை இறுக்கும் டென்ஷனரைக் கழற்றினார். விரல் நீளம்கூட இல்லாத சாமான். உள்ளே ஒரு பிளஞ்சர் இருக்கும். ஸ்பிரிங்கும் ஆயில் அழுத்தமும் சேர்ந்து அதை வெளியே தள்ளிச் செயினை இறுக்கமாக வைத்திருக்கும். எஞ்சின் நின்றதும் ஆயில் அழுத்தம் போய்விடும் இல்லையா, அப்போது பிளஞ்சர் பின்வாங்காமல் இருக்க ரம்பப் பல் மாதிரி ஒரு பூட்டு. ஸ்டோரிலிருந்து ஒரு புது டென்ஷனரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கட்டைவிரலால் முழு பலத்தோடு அமுக்கினேன், ஒரு மயிரிழை உள்ளே போகவில்லை. என் வண்டியின் டென்ஷனரில் பிளஞ்சர் உள்ளேயே இறுகிக் கிடந்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டது. தட்டியதும் விழுந்தது: வெட்டிய நகத்துண்டு அளவுக்கு, பூட்டின் உடைந்த நுனி.

“காலைல கடகடன்னு சத்தம் வந்துச்சா சார்?”

பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்து நீட்டினேன். படித்தவர் அட்வைசர் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. பிறகு எனக்கு விளக்கினார். பூட்டு தேயத் தொடங்கியதும் ராத்திரியில் பிளஞ்சர் பின்வாங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்தம் ஏறும் வரை செயின் தளர்ந்து அடிக்கும். அந்தச் சில நொடிதான் நான் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பூட்டே முறிந்து, அதன் துண்டு பிளஞ்சரை உள்ளேயே சிக்க வைத்துவிட்டது. செயின் பல் தாண்டியது. கேம் பின்தங்கியதால், மூடியிருக்க வேண்டிய எக்ஸாஸ்ட் வால்வுகள் திறந்திருந்தபோதே பிஸ்டன் மேலே வந்துவிட்டது.

பிஸ்டனுக்கு மேலே வால்வுகளைத் தாங்கியிருக்கும் ஹெட்டைத் தூக்கினார். பிஸ்டன் தலையில் பிறை மாதிரி இரண்டு வெட்டு, பளபளவென்று. மற்ற இடமெல்லாம் கரி. ‘டக்’ என்ற அந்தச் சத்தம் இதுதான்.

20 பிப்ரவரி, வியாழன்

போட்டோக்கள் கம்பெனிக்குப் போயிருக்கின்றன. பதில் இல்லை.

24 பிப்ரவரி, திங்கள்

கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்து பார்த்தார். மரியாதையானவர், ஆனால் முதல் கேள்வியே வேறு திசையில்: “ஹை ஸ்பீட்ல தப்பா லோ கியர் போட்டீங்களா?” கேள்வி நியாயமானதுதான். ஐந்திலிருந்து நாலுக்குப் பதில் இரண்டுக்கு இறக்கிவிட்டால் பின்சக்கரம் எஞ்சினை அடித்துச் சுற்றும். எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு எல்லை வைக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்த அதால் முடியாது. அப்போதும் வால்வும் பிஸ்டனும் மோதும், பார்வைக்குச் சேதமும் இதே மாதிரிதான் இருக்கும்.

நல்லவேளை, இந்த வண்டியின் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி) அதிகபட்ச ஆர்பிஎம்மைப் பதிந்து வைக்கிறது. லேப்டாப்பில் எடுத்துப் பார்த்தார். லிமிட்டருக்கு வெகு கீழே. உடைந்த நுனியைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போகிறேன் என்றார். எடுத்துப் போகிற பாகத்துக்கு ரசீது கேட்டேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

சார்ஜரைப் பற்றி அட்வைசர் ஆரம்பித்தார். இன்ஜினீயர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

27 பிப்ரவரி, வியாழன்

வாரண்டி ஏற்கப்பட்டது. ஹெட், வால்வுகள், பிஸ்டன், டென்ஷனர், செயின், கைடு எல்லாம் புதிது. பட்டியலின் கடைசியில் ஆயிலும் கேஸ்கெட்டும் ‘நுகர்பொருள், வாடிக்கையாளர் செலவு’. ஆயில் தீர்ந்ததாலா மாற்றுகிறோம்? எஞ்சினைத் திறந்ததால்தானே? இதை மெயிலில் எழுதி, நவம்பர் ஜாப் கார்டின் போட்டோவையும் இணைத்தேன். மாலைக்குள் அதுவும் இலவசம் என்று பதில் வந்தது. மஞ்சள் தாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

6 மார்ச், வியாழன்

பிஸ்டன் வந்துவிட்டது. ஹெட் வரவில்லை. பஸ்ஸில் போய் வருகிறேன்.

15 மார்ச், சனி

33 நாள் கழித்து வண்டி கைக்கு வந்தது. வாங்குவதற்கு முன் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் பொறித்திருக்கும் எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கேஸை மாற்றாததால் அதே எண். மாற்றியிருந்தால் பதிவிலும் திருத்த வேண்டிவந்திருக்கும். மாற்றிய பாகங்களின் எண்கள் பில்லில் இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். இருக்கின்றன. புதுப் பாகங்களுக்குப் புது வாரண்டி கிடையாது, பழைய வாரண்டி முடிகிற நாளோடு அவையும் முடிகின்றன. நின்று கிடந்த 33 நாளையாவது கூட்டித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தருவார்கள் என்று தோன்றவில்லை, கேட்டு வைப்போம்.

புது பிஸ்டன் என்பதால் முதல் 500 கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டச் சொன்னார் மூத்த மெக்கானிக். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டணும், 500-ல் ஆயில் மாற்றணும். கிளம்பும்போது கிட்டே வந்து, “சத்தம் வந்தா என்கிட்ட நேரா வாங்க, முன்னாடி போக வேண்டாம்” என்றார்.

16 மார்ச், ஞாயிறு

காலை ஆறு மணி. வண்டி இரவு முழுக்கக் குளிர்ந்து நின்றிருந்தது. ஹெல்மெட்டை சீட்டின் மேல் வைத்துவிட்டு, எஞ்சின் பக்கம் குனிந்துகொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினேன். கடகட இல்லை. பத்து வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.

நாளையும் அப்படியே கேட்க வேண்டும்.